லாச்சியில் ஒன்பது நாள்

ஸ்பானியப் பாதிரிமாரைப் பற்றிய புத்தகங்களை இந்த டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகர நூலகத்தில் என்னளவுக்கு இரவல் எடுத்த தமிழர் வேறு யாரும் இருக்க முடியாது. நம் பெந்தெகொஸ்தே சபையின் போதகராக, புதன்கிழமை வகுப்பில் அதைத்தான் படிப்பித்தேன். கலிபோர்னியாவில் பழங்குடி மக்களுக்குக் கூழ் காட்டிக் கூப்பிட்டார்கள். ஞானஸ்நானம் பெற்றபின் மிஷனைவிட்டு ஓடியவர்களைச் சிப்பாய்கள் பிடித்துவந்தார்கள், சவுக்கடி விழுந்தது. சீ, இதுவும் ஒரு ஊழியமா என்று வகுப்பிலேயே எனக்குக் கண் கலங்கியது. மூப்பர்களான நீங்களும் அதைக் கண்டீர்கள்.

2009 மே மாதம் ஊரில் போர் முடிந்தது. காணாமல்போன உறவுகளைத் தேடித் தரச் சொல்லித் தொண்டு நிறுவனத்துக்கு, டேனிஷ் எழுதத் தெரியாத பன்னிரண்டு குடும்பங்களுக்கு நானே படிவம் நிரப்பினேன். பதில் வரவேண்டிய இடமாகச் சபையின் முகவரியைக் கொடுத்தேன். வசதிக்காகத்தான்.

ஞானேஸ்வரி முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்பவர். சைவக்காரி. சபைக்கு வருவார், பாட்டுக்குக் கையும் தட்டுவார், முழுக்கு ஞானஸ்நானத்துக்கு மட்டும் மசியமாட்டார். அவருடைய மகன் கிருபன் கடைசிச் சண்டையில் வன்னியில் அகப்பட்டிருந்தான். வேலை முடிந்ததும் தினமும் வந்து, "பாஸ்டர், கடிதம் ஏதும் வந்ததோ?" என்று கேட்பார்.

யூன் ஐந்தாம் திகதி வந்தது. கிருபன் உயிரோடு இருக்கிறான். வவுனியா ஆசுபத்திரியில், வயிற்றில் காயம். இந்த இலக்கத்துக்கு அழைத்தால் தாய் கதைக்கலாம். எனக்கு மெய்யாகவே சந்தோசமாக இருந்தது. மேசை லாச்சியை இழுத்து, கடிதத்தை உள்ளே வைத்து மூடினேன்.

"இன்னும் ஒண்டும் வரேல்லை, அக்கா. முழுக்கு எடுங்கோ, கர்த்தர் கண் திறப்பார்," என்றேன்.

"எடுத்தா என்ரை பிள்ளை கிடைப்பானோ?"

"ஓம்," என்றேன். அது பொய்யில்லை.

பதினான்காம் திகதி ஞாயிற்றுக்கிழமை, அவர் தண்ணீரைவிட்டு எழுந்ததும் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். சபையே அழுதது. அந்தப் பன்னிரண்டு குடும்பங்களில் இன்னும் மூன்று பேர் அன்றே முழுக்குக்குப் பெயர் கொடுத்தார்கள்.

உடனே அந்த இலக்கத்துக்கு அழைத்தோம். கிருபன் இரண்டு நாளுக்கு முன், வெள்ளிக்கிழமை இறந்துவிட்டான். அம்மா கோல் எடுத்தவவோ என்று கடைசிவரை கேட்டானாம்.

கடிதம் வந்த திகதியை உறையில் எழுதிவைப்பது என் பழக்கம். எனக்கு ஒழுங்கு முக்கியம். ஞானேஸ்வரியின் மகள் ஜெனுஷா அதைப் பார்த்துவிட்டாள். ஒன்பது நாளும் என்ன செய்தீர்கள் என்று டேனிஷில் கேட்டாள். செபித்தேன் என்றேன். அதுவும் உண்மைதான்.

நான் யாரையும் அடிக்கவில்லை, கட்டிவைக்கவில்லை. பெயர் கொடுத்த மூன்று பேரைப் பற்றியும் நீங்கள் கவலைப்பட வேண்டாம். அவர்களுக்கு வரும் ஞாயிறுதான் முழுக்கு. அதுவரை அவர்களுடைய கடிதங்கள் என்னிடம் பத்திரமாக இருக்கும்.