தீபத்தன்று எழுதிய பூஜ்யம்

மேடையில் மெத்தை நாற்காலிகளில் வீற்றிருக்கும் பெரியவர்களே! கீழே மர பெஞ்சுகளில் உண்மையாகவே கலங்கி உட்கார்ந்திருக்கும் மாணவர்களே! மறைந்த நசீருதீனின் மனைவி ஜஹானாரா அம்மா, கணவனை இழந்தவர் வெளியே வராமல் இருக்கும் இத்தாவில் இருப்பதால் அவர் சார்பில் வந்திருக்கும் அவருடைய அண்ணன் பீர் முகம்மது பாய் அவர்களே! வணக்கம்.

பேராசிரியர் நசீருதீனுடன் இந்த இயற்பியல் துறையில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். எனக்கு முன்னால் பேசிய டாக்டர் அர்ஜுனன் அவரை 'அறிவுச் சுடர்' என்றார். அடேயப்பா! அந்தச் சுடரை ஊதி அணைத்த வாய்க்கு என்னமாய்த் தமிழ் வருகிறது!

எழுபத்தெட்டில் நசீருதீனின் கருவியைச் சோதிக்கச் சென்னையிலிருந்து வந்த குழுவுக்கு இவர்தான் தலைவர். வருஷத்தில் எத்தனையோ நாள் இருக்க, வந்தது எந்த நாளில்? கார்த்திகை தீபத்தன்று! குழுவில் வந்தவர்கள் நாலு பேர். குடும்பத்தோடு வேனிலிருந்து இறங்கியவர்கள் பதினாறு பேர்.

நசீருதீன் செய்தது என்ன? எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும். வெற்றிடத்தில் அவற்றைப் பெருங்கற்றையாக விட்டால் சிதறிவிடும். பிளாஸ்மா என்னும் மின்னூட்டம் பெற்ற வாயுவுக்குள் விட்டால், அது அந்தத் தள்ளலை அடக்கிக் கற்றையைச் சிதறாமல் காக்கும். கூடவே, அந்தப் பிளாஸ்மாவில் எதிர்ப்பக்கமாக ஒரு மின்னோட்டமும் ஓடும். நசீருதீனின் கருவியில் பிளாஸ்மா இருக்கும் குழாயைச் சுற்றி வெளியே மாட்டிய கம்பிச் சுருள், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து மிச்சத்தைத்தான் காட்டும்.

அன்று அந்தச் சுருள் ஏறக்குறைய பூஜ்யம் காட்டியது. நசீருதீனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பீம் இல்லன்னு நெனச்சிடாதீங்க சார். பிளாஸ்மாவுல திரும்புற கரண்ட்டு கழிச்சுடுது. குழாய்க்குள்ள வெச்ச தகட்டப் பாருங்க, பீம் போட்டது எம்மாம் பெரிய ஓட்டை!"

"தகட்ட அப்புறம் பாத்துக்கலாம்ங்க. கோயில் பாஸ அஞ்சு மணிக்குள்ள காட்டணும், லேட்டானா உள்ள உட மாட்டான்" என்றார் தலைவர்.

பார்த்தாரா? இல்லை! எழுதினாரா? எழுதினார்! 'கற்றை உண்டாகவில்லை, கொடுத்த கணக்குகள் பொய்.'

அன்றைக்குத் தேரடித் தெருவில் ஆயிரம் பேர் போனார்கள், ஆயிரம் பேர் வந்தார்கள். கூட்டிக் கழித்துவிட்டு, தெருவில் ஆளே இல்லை என்று எழுதுவீர்களா ஐயா? படித்த கூட்டமா இது?

மானியம் நின்றது. பொய்யர் என்ற பெயர் நிலைத்து நின்றது. 'ஜீரோ வாத்தியார்' என்று ஊரே சிரித்தது. ஏழு ஆண்டுகள், சாகும்வரை, அந்த அறிக்கையைத் திருத்தச் சொல்லி மனு எழுதிக்கொண்டே இருந்தார்.

'சுருக்கமாகப் பேசவும்' என்று இந்தக் கூட்டத்தின் தலைவர் துண்டுச் சீட்டு அனுப்புகிறார். சுருக்கமாகவே சொல்கிறேன். அந்த அறிக்கையில் ஐந்து கையெழுத்து. நாலு சென்னைக்காரர்களுடையது. ஐந்தாவது, குழுவின் உள்ளூர் உறுப்பினருடையது. அது நான்தான். தகட்டை நான் பார்த்தேன். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். துறைத் தலைவர் பதவிக்கு ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போட்டேன். பதவி வந்தது. இவர்களாவது அவசரத்தில் பார்க்காமல் எழுதினார்கள். நான் பார்த்துவிட்டு எழுதியவன். இந்த மேடையிலேயே கேவலமான ஆள் நான்தான்.

பாய், அந்தக் கையெழுத்தை வாபஸ் வாங்கி நான் எழுதிய கடிதம் இது. ஏன் போட்டேன் என்பதும் இதில் இருக்கிறது. ஒரு பிரதியை இன்று சென்னை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். இதை உங்கள் தங்கையிடம் கொடுங்கள். அவர் மன்னிக்க வேண்டாம். படித்தால் போதும்.

நாளைக் காலை பத்து மணிக்கு நசீருதீனின் கருவியை மறுபடி ஓட்டுகிறேன். மாலை வேண்டாம், சால்வை வேண்டாம். டாக்டர் அர்ஜுனன் அவர்களே, நாளைக்குத் திருவிழா எதுவும் இல்லை. வந்து தகட்டைப் பாருங்கள்.