பெட்ரோல் மூடியின் துளை

பழைய மோட்டார் சைக்கிள் வழியில் நின்றுபோனால் எல்லாரும் முதலில் காபரேட்டரைத்தான் குறை சொல்வார்கள். பத்தில் ஏழு தடவை அது சரியாகவும் இருக்கும். மற்ற மூன்று தடவை என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்பேன். என் வேலைமுறை அப்படி.

என் பெயர் மஹ்ரூப். வயது இருபத்திரண்டு. மாத்தளையில் கலந்தர் நானாவின் கராஜில் வேலை செய்கிறேன். கராஜின் பின்னறைதான் எனக்கு வீடு. அதற்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. திறந்தால் அடுத்த கடையின் சுவர் கைக்கு எட்டும். எந்த வண்டியைத் திருத்தினாலும் கொப்பியில் மூன்று கட்டம் போட்டு எழுதுவேன்: என்ன கோளாறு, எதை மாற்றினேன், என்ன பலன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும். இவ்வளவு கவனமாக இருந்தும், செய்தது சரிதானா என்ற சந்தேகம் எனக்குத் தீர்வதில்லை. ஆகவே இதையும் அதே ஒழுங்கில் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அறுபத்திரண்டாம் ஆண்டு தை மாதம் மாலைநேரச் சிங்கள வகுப்பில் சேர்ந்தேன். கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. என் பக்கத்து வாங்கில் தர்மராஜா அண்ணன் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நாவுலயில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். சிங்களப் பரீட்சை தேறாவிட்டால் சம்பள உயர்வு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு எழுத்து கடகடவென்று வந்தது, பேச்சு வரவில்லை.

"தம்பி, உம்மட எழுத்து வெந்நீர் பட்ட புழு மாதிரியெல்லே நெளியுது" என்று என் கொப்பியைப் பார்த்துச் சிரிப்பார்.

"நீங்க சிங்களம் பேசினா மரக்கறிக்காரன் வெலைய கூட்டிடுவான் அண்ணே" என்பேன்.

யாராவது என்னோடு சிரித்துப் பேசி எவ்வளவு காலம் என்று அன்று எண்ணிப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

அவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. கிழமையில் மூன்று நாள், பதினாறு மைல் ஓடி வகுப்புக்கு வருவார். வகுப்பு முடிந்ததும் போய்விடுவார். வீட்டில் ஞானாம்பிகை அக்கா தனியாக இருப்பார். கலியாணமாகி ஒரு வருடம்தான். ஒருநாள் காபரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டில் தூசி அடைத்து வண்டி நின்றது. அன்று அவர் கராஜில் ஒரு மணிநேரம் இருந்தார். நான் காபரேட்டரைக் கழற்றினேன். அவர் பக்கத்தில் குந்தியிருந்து, ஒவ்வொரு உறுப்புக்கும் சிங்களத்தில் பெயர் எழுதிக் காட்டினார். கொப்பியில் 'பலன்' என்ற கட்டத்தில் 'வண்டி ஓடுகிறது' என்று எழுதினேன். பிறகு யோசித்து, 'ஒரு மணிநேரம்' என்றும் எழுதினேன்.

பெட்ரோல் டேங்கின் மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். துளை அடைபட்டால் ஆறேழு மைலில் பெட்ரோல் இறங்குவது நின்று, வண்டி இருமி இருமி அணைந்துவிடும். பார்ப்பவருக்கு அது காபரேட்டர் கோளாறு போலவே இருக்கும். காபரேட்டரைக் கழற்றும்போது குழாய் வழியாகக் காற்று ஏறிவிடுவதால், பூட்டியதும் வண்டி ஓடும். ஆகவே ஜெட்டைத் துடைத்ததால்தான் ஓடியது என்று நம்பிவிடுவார்கள். இன்னும் ஆறேழு மைலில் மறுபடி நிற்கும். மூடியை ஒரு தடவை திறந்து மூடினால் போதும். அது அவருக்குத் தெரியாது.

துணி துவைக்கும் சவுக்காரம் பெட்ரோலில் கரையாது. அரிசி அளவு துண்டு போதும்.

அந்த வருடத்தில் பதினெட்டுத் தடவை அதை வைத்தேன், பதினெட்டுத் தடவையும் எடுத்தேன். எல்லாத் தேதியும் கொப்பியில் இருக்கிறது. வண்டிக்கு ஒரு சேதமும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அடுத்த வகுப்பு நாளில் அவர் ஒரு மணிநேரம் முந்தி வந்தார். வழியில் நின்றால் என்ன செய்வது என்று நானே சொல்லிக் கொடுத்தேன்: காபரேட்டரின் கிண்ணத்தைக் கழற்ற வேண்டும், ஜெட்டை ஊத வேண்டும், துடைக்க வேண்டும், பூட்ட வேண்டும். பழகினவருக்கு அரை மணிநேரம் பிடிக்கும். அவர் ஒழுங்காகப் பழகினார்.

"ஏன்டா, அந்த மனுசன்ட வண்டிய நீ கலியாணம் முடிச்சிட்டியா?" என்று கலந்தர் நானா கேட்டார். "எப்ப பாத்தாலும் அதுக்குப் பக்கத்துலயே ஈக்கிறாய்."

"பழைய காபரேட்டர் நானா" என்றேன்.

ஐப்பசியில் தர்மராஜா அண்ணன் சொன்னார்: "தலைப்பிள்ளை எல்லோ, தாய்வீட்டிலதான் பெறவேணும். அடுத்த கிழமை அவவைக் கொண்டுபோய் விடப்போறன். அப்பிடியே நானும் அங்கால மாற்றம் கேக்கலாம் எண்டு நினைக்கிறன்."

நான் நியாயமாகத்தான் பேசினேன். "இந்த நெலமையில அவ்வளவு தூரம் ரயில்ல குலுங்கிப் போறது நல்லதா அண்ணே? இங்க மாத்தளையில பெரியாஸ்பத்திரி இருக்கு. வலி வந்தா வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க, முக்கா மணி நேரம். நான் கார் புடிச்சுத் தாறேன்."

"அவவின்ர தாய்க்கு என்ன சொல்லுறது? அவையள் வழிவழியா அப்பிடித்தான். வண்டியும் வழியில நிண்டுட்டுதெண்டால்?"

"வண்டிக்கு நான் பொறுப்பு."

"சரி. உம்மை நம்பி நிக்கிறன்" என்றார்.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை, பிள்ளை பிறக்கும்வரை இனி வகுப்புக்கு வரமாட்டேன் என்றார். நாள் எண்ணிப் பார்த்தேன். டாக்டர் சொன்ன தேதிக்குப் பதினாறு நாள் இருந்தது. வண்டி கோளாறு காட்டினால் சனிக்கிழமை ஒரு தடவையாவது கராஜுக்கு வருவார். அவர் வகுப்பு மாஸ்டரிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது மூடியைத் திறந்தேன். அது பத்தொன்பதாவது தடவை.

வெள்ளிக்கிழமை காலை வலி வந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே மாத்தளைக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவிச்சி சொன்னாள். நாவுலயில் அன்று கார் இல்லை. இருந்த ஒன்றும் தம்புள்ளைக்குப் போயிருந்தது. மாத்தளையில் கார் பிடித்து வர அவர் தனியாக வண்டியை எடுத்தார். மழை பெய்துகொண்டிருந்தது. ஏழாவது மைலில் வண்டி நின்றது. அவர் ரோட்டோரம் முழந்தாளிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி கிண்ணத்தைக் கழற்றி, சட்டையால் மழையை மறைத்துக்கொண்டு ஜெட்டைத் துடைத்தார். திருகாணி ஒன்று சேற்றில் விழுந்தது. அதைத் தேடி எடுத்தார். மாத்தளை பஸ் ஒன்று வந்து வேகத்தைக் குறைத்தது. இரண்டு நிமிடத்தில் பூட்டிவிடலாம் என்று அவர் கையைக் காட்டி அனுப்பிவிட்டார். பூட்டினார், ஓடியது. பதின்மூன்றாவது மைலில் மறுபடி நின்றது.

இதெல்லாம் அவரே பிறகு எனக்குச் சொன்னது. பஸ்ஸை விட்டதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

கராஜுக்கு வந்து சேர்ந்தபோது பகல் ஒரு மணி. புறப்பட்டு இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் உடனே கார் பிடித்தேன். நானும் கூடப் போனேன். வீட்டு வாசலில் மருத்துவிச்சி கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நாங்கள் அவசரப்பட வேண்டியிருக்கவில்லை.

அவர் உள்ளே இருந்தபோது நான் காரின் பின்சீட்டிலேயே இருந்தேன். திரும்பி வந்ததும் வண்டியைக் கராஜுக்குள் தள்ளி, மூடியிலிருந்த துண்டை ஊசியால் எடுத்து எறிந்தேன். கொப்பியில் மூன்றாவது கட்டத்தை அன்று நிரப்பவில்லை.

யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன், அதுவும் சந்தேகம்தான். தர்மராஜா அண்ணன், "நீர் எவ்வளவு பாடுபட்டீர் தம்பி, அந்தக் காபரேட்டர் திருந்தவே இல்லை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அக்காவுக்கும் பிள்ளைக்கும் காரியம் முடிந்ததும் அவர் நாவுல வீட்டை விட்டுவிட்டார். இப்போது மாத்தளையில் ஒரு கடையின் மேல்மாடியில் இருந்துகொண்டு பஸ்ஸில் கந்தோருக்குப் போய்வருகிறார். தபால் தவறிப்போகாமல் இருக்க, கராஜ் முகவரியைக் கொடுத்திருக்கிறார். அவர் காத்திருப்பது மாமனாரின் கடிதத்துக்கு.

"மாமா ஒரு வரி எழுதினாப் போதும், வேலையை விட்டிட்டெண்டாலும் போயிடுவன். எழுதாமல் எந்த முகத்தோட போறது? தாய்வீட்டுக்கு அனுப்பாமல் வச்சிருந்தது நான் எல்லோ" என்கிறார்.

மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. 'உம்மில் பிழையில்லை, மகன். அங்கே தனிய இருக்க வேண்டாம், வாரும்' என்று கடைசிக் கடிதத்தில் இருக்கிறது. மூன்றையும் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். அண்ணன் இப்போது இருக்கும் நிலையில் அத்தனை தூரப் பயணம் நல்லதல்ல. தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் இருப்பதுதான் நல்லது. தினமும் மாலை ஐந்தரைக்கு வந்து, கடிதம் வந்ததா என்று கேட்கிறார். இல்லை என்கிறேன். பிறகு உட்கார்ந்துவிடுகிறார். ஏழு மணி தாண்டியும் எழும்பிப் போவதில்லை. மூன்றாவது கட்டத்தில் அதை எழுதியிருக்கிறேன்.

நான் யாரையும் பிடித்து வைத்தவனல்ல. வண்டி கராஜில்தான் நிற்கிறது, எந்த நேரமும் எடுத்துக்கொண்டு போகலாம். மூடித் துளையில் நேற்றும் ஊசி விட்டுப் பார்த்தேன், காற்று தாராளமாகப் போகிறது.