விளக்கைச் சுற்றி ஒரு வளையம்

— இதுவும் சரியில்லைடா தம்பி. இதோட மூணாவது. விளக்கைப் பாத்தா சுத்திவர வளையமா தெரியுது. கூடப் பொறந்த அக்கா தலையிலயே மட்டமான ஃபில்டரைக் கட்டுறியே.

— என் கடையிலேயே ஒசந்த சரக்குக்கா அது. லென்ஸுக்கு அடிபடாம இருக்க மேல மாட்டுற வெறும் கண்ணாடி, அவ்வளவுதான். ஒருதடவை கழட்டிட்டுப் பாரேன்.

— கழட்டுறதாவது. கல்யாணத்துல படம் எடுக்குறவ பாடு உனக்கு எங்க தெரியப்போகுது? போன மாசம் ஒரு வாண்டு ஐஸ்கிரீம் கையை அப்படியே லென்ஸ் மேல அப்பிருச்சு. ஃபில்டர் இருந்துச்சு, தொடச்சிட்டு வேலையைப் பாத்தேன்.

— அங்க மாட்டிக்கோ, யாரு வேணாம்னா? இங்க நாம ரெண்டு பேர்தானே இருக்கோம். நான் ஐஸ்கிரீமும் திங்கல.

— பேச்சை வளக்காதே. வேற கம்பெனி குடு, போறேன். அடுத்த வாரம் ரெண்டு கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன்.

— கேமராவைக் குடு. இந்த மேசை விளக்கையே எடுக்கிறேன், உன் ஃபில்டரோட... இந்தா, கம்ப்யூட்டர்ல பெரிசு பண்ணிட்டேன். வளையம் எங்க இருக்கு, காட்டு.

— படத்துல தெரியாது. கேமராவுக்குள்ள கண்ணை வச்சுப் பாக்கும்போதுதான் தெரியும்.

— நானும் கண்ணை வச்சுப் பாத்துத்தானே எடுத்தேன்? எனக்கு ஒண்ணும் தெரியலையே.

— நீ கல்லாவுல உக்காந்திருக்கிறவன். உனக்கு என்ன தெரியும்?

— திட்டிக்கோ. இதோ, ஃபில்டரை நானே கழட்டிட்டேன். இப்பப் பாரு.

— குடு, பாக்கிறேன்.

— அக்கா?

— வளையம் இப்பவும் இருக்கு. அப்ப லென்ஸ்தான் போச்சு.

— லென்ஸ் போயிருந்தா படத்துல காட்டிக் குடுத்திருக்கும்க்கா. கேமராவைக் கீழ வை. வெறுங்கண்ணால அந்த விளக்கைப் பாரு.

— வேணாம்டா.

— ஒரே ஒரு தடவை.

— வாசல்ல யாரோ நிக்கிறாங்க. போய்க் கவனி.

— யாரும் வரல. இங்க பாருக்கா, பயப்படாதே. கண்ணுல ஏதோ கோளாறு இருக்கும்போல. நாளைக்குக் கடையை மூடிட்டு நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.

— தெரியும்டா. ஃபில்டர் கண்ணாடியில கோளாறா இருந்திரட்டும்னுதான் மாத்தி மாத்தி வாங்கிப் பாத்தேன்.