பங்காளியின் அடையாள அட்டை

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, கவனித்தீர்களா? விசாரணைக்கு வரச்சொல்லி நீங்கள் அனுப்பிய அழைப்பாணையை நாலாக மடித்து அடியில் வைத்துவிட்டேன். இனி ஆடாது. பராமரிப்பு என்பதே இவ்வளவுதான் ஐயா. யார் உடைத்தார் என்று ஆராயாமல் ஆட்டத்தை நிறுத்துவது.

விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவமனைகளுக்கு டோக்கன் கொடுக்கும் மென்பொருளை எழுதிய குழுவுக்கு நான் தலைவர். ஒன்பது பேர். தனித்தனியே ஒவ்வொருவரும் தங்கக் கம்பி. சேர்த்துக் கட்டினால் முள்வேலி. ஒரு பிழை வந்தால் போதும், "நீ எழுதினது", "இல்ல, நீ தொட்டது" என்று ஆரம்பித்து ஏழு தலைமுறையை இழுப்பார்கள். ஒருமுறை தண்ணீர் கேன் போட வந்தவர் சத்தத்துக்குப் பயந்து கேனை லிஃப்டிலேயே விட்டு ஓடிவிட்டார். அது நாள் முழுக்க மேலும் கீழும் தனியாகப் போய்வந்தது. திட்டுக்கு அஞ்சிப் பிழைகளை ஒளித்தார்கள். மென்பொருள் நாறிப்போயிற்று.

வீட்டுக்குள் அடித்துக்கொள்கிறவர்கள்கூட, எதிரே ஒரு பங்காளி வந்து நின்றால் ஒன்றாகிவிடுவார்கள் அல்லவா? ஆகவே ஒரு பங்காளியை உண்டாக்கினேன். வேறு கிளையில் வேலை செய்கிறவர் என்று கணினியில் ஒரு கணக்கு, ஓர் அடையாள அட்டை. அப்படி ஒருவர் இல்லை என்பது குழுவுக்குத் தெரியும், மேலிடத்துக்குத் தெரியாது. யார் தவறு செய்தாலும் பங்காளி பேரில் எழுதிவிட்டுத் திருத்திவிடலாம்.

அதிசயம் நடந்தது. "பங்காளி நேத்து தூங்கிட்டான் போலக்கா, நான் பாத்துக்கறேன்" என்பார் ஒருவர். "அவன் கெடக்கான் விடுப்பா, சேந்தே பண்ணலாம்" என்பார் அந்த அக்கா. மென்பொருள் கண்ணாடிபோல் துலங்கியது. ஒற்றுமைக்காகக் கோப்பைகள் கொடுத்தார்கள். பங்காளிக்கும் ஒன்று வந்தது. அதில் பேனா போட்டுவைத்தோம்.

பிறகுதான் அந்தப் பல்வலிக்காரர். பல் பிடுங்க வந்தவரை எங்கள் மென்பொருள் பிரசவ அறைக்கு அனுப்பிவிட்டது. மரியாதை தெரிந்த மனிதர். படுக்கச் சொன்னார்கள், படுத்தார். முக்கச் சொன்னார்கள், முக்கினார். செய்தி பத்திரிகை வரைக்கும் போயிற்று.

"யாருய்யா அந்தப் பங்காளி? நாளைக்கு என் முன்னாடி நிக்கணும். இல்லன்னா குழுவையே கலைச்சிடுவேன்" என்றார் மேலாளர்.

அந்தப் பிழை என்னுடையது. அது இங்கே முக்கியமில்லை.

மறுநாள் புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். மேலாளர் இன்னும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. சாதுவானவர். அவரை நம்பி மனைவியும் தன் வேலையை விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்திருந்தார். அவருடைய அட்டை இன்னும் தயாராகவில்லை. "தற்காலிகமா இத மாட்டிக்கங்க தம்பி" என்று பங்காளியின் அட்டையை நானே அவர் கழுத்தில் போட்டேன். மேலாளர் அறையில் அவர் வாயைத் திறப்பதற்குள் ஒன்பது பேரும் ஒரே குரலில், "இவர்தான் சார்" என்றார்கள். ஒத்திகைகூடப் பார்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வேலை போயிற்று. வாசலில், "அண்ணே, நான் என்ன பண்ணேன்? எனக்கு இன்னும் கம்ப்யூட்டரே தரலையே" என்றார். "மனசுல வச்சுக்காதீங்க தம்பி, எல்லாம் தரத்துக்காகத்தான்" என்று தோளில் தட்டி, அட்டையை மறக்காமல் வாங்கிக்கொண்டேன். அது மறுபடி மறுபடி தேவைப்பட்டது. நான் ஓய்வு பெறுவதற்குள் கயிறு நைந்து இரண்டு முறை மாற்றினோம். இதோ, சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறேன்.

ஐயா, உங்கள் பதிவுக் கருவியில் விளக்கே எரியவில்லையே? ஆரம்பத்திலிருந்து எதுவுமே பதிவாகவில்லையா? பதறாதீர்கள், மனிதர்தானே. உங்கள் அலுவலகத்தில் இன்றைக்குப் புதிதாக யாராவது சேர்ந்திருக்கிறார்களா?