கையில் வைத்துக்கொள்

நான் இதுவரை ஒரு சிகரெட்டைக்கூடப் பற்றவைத்ததில்லை. ஆனால் எந்த நாட்டில் எங்கே நின்று புகைக்கலாம், எங்கே புகைத்தால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். டிராவல் ஏஜென்சியில் முன்மேசை வேலை அப்படி. டிக்கெட் வாங்க வருகிறவர்கள் சாப்பாடு, குளிர், தங்குமிடம் எல்லாவற்றையும் சத்தமாகக் கேட்பார்கள். புகை விஷயத்தை மட்டும் மனைவி அந்தப் பக்கம் திரும்பியதும் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ஒரு நாட்டில் கோடு போட்ட கட்டத்துக்குள் நின்றுதான் ஊத வேண்டும். இன்னொரு நாட்டில் கடற்கரையில் பற்றவைத்தால் அபராதம். வேப் என்கிற மின்சிகரெட் கருவியைத் தாராளமாக அனுமதிக்கிற நாடும் உண்டு; வைத்திருந்தாலே உள்ளே தள்ளுகிற நாடும் உண்டு. ஆபீசில் என்னை ‘ரூல்ஸ் அண்ணன்’ என்பார்கள். கேலிதான். ஆனாலும் என் பேச்சைக் கேட்டுப் போன வாடிக்கையாளர் யாரும் மாட்டியதில்லை.

வக்கீல் சார், என் அம்மாவின் வழக்கை நீங்கள் எடுத்திருப்பதால் வீட்டு நிலவரம் உங்களுக்குத் தெரிய வேண்டும். நாங்கள் இரண்டு பிள்ளைகள். நான் பெரியவன், தம்பி சின்னவன். அம்மா என்னோடுதான் இருந்தார். மருந்து வாங்குவது, கண்ணாடி மாற்றுவது, பல் டாக்டரிடம் கூட்டிப்போவது எல்லாம் நான். தம்பி எப்போதாவது வருவான். அவன் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே அம்மா வாசலுக்குப் போய்விடுவார். நான் தினமும் வீட்டுக்கு வருகிறவன். தினமும் வருகிறவனுக்காக யாரும் வாசலுக்கு வருவதில்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது, சும்மா சொல்கிறேன்.

ஏஜென்சியில் எனக்குச் சலுகை டிக்கெட் கிடைக்கும். எத்தனையோ முறை அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறேன். “எனக்கெதுக்குப்பா, முட்டி வலிக்குது” என்பார். போன வருஷம் ஒரு மத்தியானம் தம்பி சாப்பிட்டுக்கொண்டே, “அம்மா, நாம ரெண்டு பேரும் வெளிநாடு போலாமா?” என்றான். அம்மா, “எப்போ?” என்றார். அவ்வளவுதான். முட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. டிக்கெட்டைப் போட்டுக்கொடுத்தது நான். அம்மாவுக்கு ஜன்னலோர சீட் எடுத்துக்கொடுத்ததும் நான்.

சின்ன வயதிலிருந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த தம்பி, அதை விட்டுவிட்டு வேப்புக்கு மாறியிருந்தான். அம்மாவுக்கு ஒரே பெருமை. பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம், “என் புள்ள சிகரெட்ட விட்டுட்டான்” என்று சொல்லி மாளவில்லை. தொட்டு விட்டவனுக்குத்தான் அந்தப் பாராட்டு. தொடவே தொடாதவனுக்கு ஒன்றும் கிடையாது.

பயணத்துக்கு முந்தைய வாரம் தம்பி அந்தக் கருவியை என்னிடம் நீட்டினான். “அண்ணே, இத பிளைட்ல கொண்டுபோலாமா?”

“பெட்டியில போட்டுடாத. பேட்டரி இருக்கு, அனுமதிக்க மாட்டாங்க. கையில வெச்சுக்கோ” என்றேன்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. எந்த விமான நிலையத்திலும் கேட்டுப் பாருங்கள். அவன் விமானத்தைப் பற்றிக் கேட்டான், நான் விமானத்தைப் பற்றிச் சொன்னேன். இறங்குகிற நாட்டைப் பற்றி அவன் கேட்கவில்லை. வேறு வாடிக்கையாளராக இருந்தால் கேட்கும் முன்பே சொல்லியிருப்பேன்: அந்த நாட்டுக்கா, வேப்பைத் தலையைச் சுற்றி எறிந்துவிட்டுப் போங்கள், வந்திறங்கும் எல்லாப் பைகளையும் ஸ்கேன் செய்கிறார்கள் என்று. தம்பி வாடிக்கையாளர் இல்லையே.

கூடவே அந்தக் கருவியில் போடுகிற ரீஃபில் ஒரு பெட்டி நிறைய வாங்கிக்கொடுத்தேன். “அங்க கெடைக்காதுடா” என்றேன். அதுவும் உண்மைதான். ஒரு கருவி மட்டும் என்றால் அபராதத்தோடு போகும். பெட்டியாக இருந்தால் விற்க வந்ததாக எடுத்துக்கொள்வார்கள். அதுவும் எனக்குத் தெரியும். தம்பி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

ஒரே ஒரு விஷயத்தை நான் மறந்துவிட்டேன். எங்கள் வீட்டில் தம்பியின் கை என்றால் அது அம்மாவின் பைதான். பள்ளிக்கூடத்து டிபன் பாக்ஸ் முதல் பைக் சாவி வரை அவன் எதையும் உருப்படியாக வைத்துக்கொண்டதில்லை. விமான நிலைய வாசலில் அம்மா, “நீ எங்கயாவது தொலைச்சுடுவ, குடு இப்படி” என்று அந்தப் பெட்டியையும் கருவியையும் வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறந்துவிட்டேன் என்று சொன்னேன். ஆனால் அதைப் பார்த்தேன். இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். பை நிறைந்து ஜிப் சிக்கிக்கொண்டது. அம்மா மல்லாடிக்கொண்டிருந்தார். நான்தான் உள்ளே அழுத்திவிட்டு இழுத்து மூடினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அம்மாவுக்குக் கெடுதல் நினைக்கிறவனா நான்? அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது இதுதான்: அதிகாரி கேட்பார், இது யாருடையது என்று. அம்மா சின்னவனைக் கைகாட்டுவார். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அம்மா வாயால் அவனை விட்டுக்கொடுப்பார். அது நடந்தால் போதும் என்றிருந்தது. நேரில் கேட்க முடியாதே என்றுகூட வருத்தப்பட்டேன்.

நடந்ததைத் தம்பி திரும்பி வந்து அழுதுகொண்டே சொன்னான். அதிகாரி பையைத் திறந்து கேட்டிருக்கிறார். தம்பி அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கிறான். அம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “என்னோடது” என்றிருக்கிறார். அந்த நாட்டு மொழியில் ஒரு வார்த்தை தெரியாத அம்மா, நெஞ்சில் கையை வைத்துக் காட்டியிருக்கிறார்.

எனக்காக என்றால் அப்படிக் காட்டியிருப்பாரா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். அந்த நாட்டுச் சிறையிலிருந்து அம்மாவை ஒருமுறை பேச விட்டார்கள். போனை எடுத்தது நான். அம்மா கேட்ட முதல் கேள்வி, “சின்னவன் சாப்பிடறானா?” சாப்பிடுகிறான் என்றேன். லைன் போய்விட்டது.

தம்பிக்கு இன்னும் என்மேல் சந்தேகம் இல்லை. “நீ சரியாத்தான் சொன்னே அண்ணே, நான்தான் அந்த ஊர்ச் சட்டத்தைக் கேக்காம விட்டுட்டேன்” என்கிறான். நேற்று என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். அங்கே போய், அது தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு சரணடையப் போகிறானாம். “முதல் பிளைட்ல போடுண்ணே. அம்மா வெளிய வந்தா போதும்” என்றான். எல்லா விமானமும் நிரம்பிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். பாதி இருக்கைகள் காலியாகத்தான் இருக்கின்றன.

அதனால்தான் இன்று உங்களிடம் வந்தேன். வாங்கியது நான், சொல்லாமல் மறைத்தது நான், பையை மூடியது நான். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன், என்ன தண்டனையோ கொடுக்கட்டும். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். அவன் போய்ச் சேருவதற்குள் இதை அங்கே அனுப்பிவிடுங்கள். அம்மாவை விடுவிக்கும்போது, வெளியே கொண்டுவந்தது பெரியவன்தான் என்று அவர் காதில் விழும்படி சொல்லச் சொல்லுங்கள்.