ஒரே ஆழம்

ஐயா, என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அந்த மூலையில் எழுதிக்கொண்டிருப்பவர் சட்டையில் ஒரு பித்தான் வேறு நிறம். இங்கிருந்தே தெரிகிறது. அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது, அதனால்தான் தப்பு நடந்தது என்று என் பெண் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். பாவம், என்னையும் புருஷனையும் சேர்த்துக் காப்பாற்றப் பார்க்கிறாள். அதை அடித்துவிடுங்கள்.

என் வேலை பெரிய வித்தை இல்லை. உடைந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்க டாக்டர்கள் ஒரு தகடு வைத்து, குட்டிக் குட்டி எவர்சில்வர் ஸ்க்ரூ போட்டு முடுக்குவார்கள். அதன் தலையில் திருப்புளி உட்கார மெல்லிய பள்ளம் வேண்டும். நாங்கள் காடி என்போம். நான் காடி வெட்டுகிறவன். சீப்பு மாதிரி ஒரு இரும்புப் பிடி. அதில் ஸ்க்ரூக்களை வரிசையாக நிற்க வைத்து, சுற்றுகிற பிளேடுக்கு அடியில் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நடுவில் தயங்கினால் எவர்சில்வர் இறுகிக்கொள்ளும், பிளேடு போய்விடும். தட்டு நிறைந்ததும் சோதனை மேஜைக்குப் போகும். அந்த மேஜையில் இருந்தவன் என் மாப்பிள்ளை.

பட்டறையில் அவனுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். மற்றவர்கள் தட்டிலிருந்து கை நிறைய அள்ளி, முள் வைத்த கருவியை ஒவ்வொரு காடியிலும் இறக்கி ஆழம் பார்ப்பான். என் தட்டு என்றால் மேலாக ஒரு பார்வை, முத்திரை, அவ்வளவுதான்.

“மாமா கை பட்டதுக்கு மேல நான் என்னத்தப் பாக்குறது?” என்பான்.

“ஏம்ப்பா, மாமனார் தட்டை மாப்பிள்ளை பாக்குறது சோதனையா, சம்பந்தி உபசாரமா?” என்று கடைசல்காரர் கிண்டல் செய்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. சோதிக்கிறவன் நம்பலாமா? நம்பாமல் இருப்பதற்குத்தானே அவனுக்குச் சம்பளம்?

தாய் இல்லாமல் நான் வளர்த்த பெண் ஐயா அவள். கல்யாணத்துக்குப் பிறகும் என் வீட்டில்தான் இருந்தார்கள். ஒருநாள் எனக்குச் சாப்பாட்டுத் தட்டு வைத்துக்கொண்டே சொன்னாள்.

“அப்பா, அவருக்கு வெளியூர்ல பெரிய கம்பெனில வேலை கெடைச்சிருக்கு. நீயும் எங்களோட வந்துரு. வீட்டைப் பூட்டிட்டுப் போயிரலாம்.”

“பூட்டவா, விக்கவா?”

“உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? பெத்த பொண்ணு கூப்புடுறேன்ப்பா.”

“கூப்புடுறது நீ இல்ல. உன் வாயில அவன்.”

அவள் அழுதாள். அவன் உள்ளே வந்து, “மாமா, உங்களை விட்டுட்டு நாங்க போவமா?” என்றான். அந்தக் குழைவுதான் எனக்கு ஆகாது. இங்கே மாமா என்பான். அங்கே போய் ஒரு மாதத்தில் என் படுக்கை மாடிப்படிக்கு அடியில் கிடக்கும்.

அவன் முத்திரை குத்திய தட்டு ஒன்று கெட்டுப்போய்த் திரும்பினால் எந்தக் கம்பெனியும் அவனைச் சேர்க்காது. பெண் இங்கேயே இருப்பாள். அதனால் சீப்புக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றைச் சொருகினேன். சீப்பு ஒரு மயிரளவு உயர்ந்தது. காடி அந்த அளவுக்கு ஆழமாக இறங்கியது.

இன்னும் ஆழமாக வெட்டியிருந்தால் முடுக்கும்போதே தலை பிளந்திருக்கும். டாக்டர் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஒன்று எடுத்திருப்பார். மாப்பிள்ளைக்கு ஒரு திட்டு விழும், அதோடு சரி. திட்டு வாங்கியவனை யார் வேண்டாம் என்பார்கள்? ஆகவே முடுக்கும்போது தாங்க வேண்டும், உடம்புக்குள் போன பிறகு விட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் வைஸ் இடுக்கியில் பிடித்து வளைத்துப் பார்த்து அந்த அளவைப் பிடித்தேன்.

கையில் அந்த ஸ்க்ரூ வைத்த பெயிண்டர் செத்ததில் எனக்கும் வருத்தம்தான். கை கூடிவிட்டது என்றதும் சாரம் ஏறியிருக்கிறான். மேலே கம்பியைப் பிடித்தபோது உள்ளே ஸ்க்ரூத் தலைகள் விட்டிருக்கின்றன, விழுந்துவிட்டான். கொஞ்ச நாள் வீட்டில் இருந்திருக்கலாம். மற்றவர்களுக்கு மறுபடி அறுத்துப் போட்டுவிட்டார்கள். அந்தச் சின்னப் பெண்ணுக்கு ஒரு கால் குட்டையாகவே இருக்கும் என்கிறீர்கள். வளர்கிற பிள்ளை, பழகிவிடும்.

ஆனால் தப்பு நடந்தது என்று மட்டும் எழுதாதீர்கள். தப்பு என்றால் ஒன்று ஆழமாக இருக்கும், ஒன்று மேலாக இருக்கும். மிச்சமிருக்கிற ஸ்க்ரூக்களை அளந்து பாருங்கள். எல்லாம் ஒரே ஆழம். மங்கின கண்ணுக்கு அது வருமா?

மாப்பிள்ளையை விடலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள். எதற்கு விட வேண்டும்? வெட்டியது நான். பார்க்காமல் முத்திரை குத்தியது அவன். போலீஸ் வண்டியில் எங்களை ஏற்றும்போது அவனே சொன்னான்: “மாமா, நீங்க மனசை விட்டுராதீங்க. வயசானா கண்ணு அப்படித்தான். நான்தான் பாத்திருக்கணும்.” கண் விஷயத்தை விட்டுவிடுங்கள். மற்றது நியாயமான பேச்சு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதியாயிற்றா? ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்களோ. பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். வீட்டில் பெண் தனியாக இருக்கிறாள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?