மூச்சு விடும் பெட்டி

என் மச்சினன் எனக்குத் தர வேண்டியிருந்தது ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். அதிலிருந்து தொடங்குவதுதான் முறை, டாக்டர் அம்மா. தன் உடம்பு நாறுகிறது என்ற பயம் இவருக்கு எப்போது, எதனால் வந்தது, வீட்டார் தெரிந்ததை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் மனைவி இரண்டு வரி எழுதிவிட்டு அழ உட்கார்ந்துவிட்டாள். மாமியார் கையெழுத்து மட்டும் போட்டார். நான் நான்கு தாள் கேட்டு வாங்கிக்கொண்டேன். என்னை எழுதச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

கார்களுக்குப் பாட்டு சிஸ்டம் வைக்கும் கடையில் இருபத்து மூன்று வருடமாக இருக்கிறேன். டிக்கியில் ஊஃபர் என்கிற பெரிய ஸ்பீக்கருக்குப் பெட்டி அடிப்பது என் வேலை. முதுகு போய்விட்டது. பசை வாடையில் மூக்கும் போய்விட்டது. மூக்கு போனது வீட்டில் யாருக்கும் தெரியாது. சோறு தீய்ந்தாலும் பேசாமல் சாப்பிடுகிறேன், நல்ல மனுஷன் என்று மனைவி நினைக்கிறாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மச்சினன் கண்ணாடிக் கடையில் இருந்தான். வருகிறவர்களின் முகத்தருகே குனிந்து, மூக்கில் ஃபிரேமை உட்காரவைத்துப் பார்க்கிற வேலை. கல்யாணம் நிச்சயமான கையோடு ஒரு குட்டிக் கார் வாங்கினான். ஒரு பெட்டியும் ஒரு பையும் வைத்தால் நிறைந்துவிடும் டிக்கி.

"மாமா, நான் நாலு தெரு தள்ளி வரும்போதே, வர்றது நான்தான்னு எல்லாருக்கும் தெரியணும்" என்றான்.

தெரியவைத்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

அவ்வளவு சின்ன டிக்கிக்குக் கடைச் சரக்குப் பெட்டி ஒத்துவராது. அட்டையை வெட்டி வெட்டி அளவெடுத்து, ஸ்டெப்னி டயரை எடுக்க வழி விட்டு, சக்கர வளைவுக்குத் தோதாக ஒரு பக்கம் சாய்த்துப் பலகை அடித்தேன். இடுக்கெல்லாம் பசை. உள்ளே பஞ்சு. முன்பக்கம் கை நுழைகிற அளவுக்கு ஒரு குழாய். நான்கு நாள் வேலை. சாமான் நாலாயிரத்து நூற்று நாற்பது, கூலி இரண்டாயிரத்து இருநூறு.

அதற்குப் பில் எழுதினேன். நாற்பத்து நான்கு வயதில், என் மகளின் பழைய பாடப்புத்தகத்தை வைத்து எழுத்துப் படித்தவன் நான். ஒரு முழுப் பக்கம் என் கையாலேயே எழுதியது அதுதான் முதல் தடவை. இரண்டு முறை கிழித்துப் போட்டு, மூன்றாவதாக எழுதியதைக் கொண்டுபோனேன். வீட்டில் எல்லாரும் இருந்தார்கள்.

மச்சினன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "மாமா, இது பில்லா, மருந்துச் சீட்டா? ஏதாவது கடையில குடுத்தா ரெண்டு இருமல் மருந்து தருவாங்க போல!"

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். "பாவம்டா, இப்பதான் எழுதப் பழகுறாரு" என்றாள். நானும் சிரித்தேன்.

பிறகு பாட்டைப் போட்டுக் காட்டினான். அதிர்வில் நம்பர் பிளேட் கடகடவென்று அடித்தது. புதுப் பெட்டி வைத்த வண்டிகளில் இது சகஜம். ரப்பர் துண்டு ஒன்று செருகினால் போதும். அவன் என் பில்லை இரண்டாக மடித்தான், நான்காக மடித்தான், எட்டாக மடித்தான். பிளேட்டுக்குப் பின்னால் செருகினான்.

"பாத்தீங்களா மாமா, உங்க பில்லும் ஒரு வேலைக்கு ஆகுது. காசு எங்க போயிடப் போகுது, நாம என்ன அயலா அசலா?"

சத்தம் நின்றது உண்மை. அதை மறுக்கமாட்டேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபக்காரன் கைக்கு ஸ்க்ரூ நேராக இறங்காது. ஒரு வாரம் கழித்து டியூனிங்குக்கு வண்டியைக் கொண்டுவந்தான். ஊஃபரின் எட்டு ஸ்க்ரூவையும் கழற்றினேன். மூன்று கோழி முட்டையில் குண்டூசியால் ஆளுக்கு ஒரு ஓட்டை போட்டு, பஞ்சுக்கு நடுவே உட்காரவைத்து, எட்டையும் நேராக முடுக்கினேன்.

நீங்கள் படித்தவர், இருந்தாலும் பெட்டி வேலை தெரிந்திருக்காது. குழாய் வைத்த பெட்டி மூச்சு விடும். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இருக்கிற காற்று குழாய் வழியாக வெளியே வரும், மறுபடி உள்ளே போகும். பாட்டு எவ்வளவு சத்தமோ, மூச்சும் அவ்வளவு பெரிசு. மெதுவாகக் கேட்கிறவனுக்கு என்னால் ஒரு தொந்தரவும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெயில் காலம். பத்தாம் நாளே புகார் வந்தது. எலி செத்திருக்கும் என்று எஞ்சினைப் பிரித்தார்கள். சீட்டைக் கழற்றிக் கழுவினார்கள். "பெட்டியில ஏதும் இருக்குமா மாமா?" என்று கேட்டான். "காத்துக்கூட நுழையாம பசை போட்டிருக்கேன் மாப்ள, எலி எப்படி நுழையும்?" என்றேன். நியாயமான பதில் என்று அவனுக்கே பட்டது.

நல்ல வேலைக்காரன் பராமரிப்பும் செய்வான். மாதம் ஒரு தடவை காசு வாங்காமல் சர்வீஸ் செய்தேன். இரண்டாம் மாதம் மீன் தலை இரண்டு வைத்துப் பார்த்தேன். மீன் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. மூன்றாம் மாதம் முட்டைக்கே திரும்பிவிட்டேன்.

நிச்சயம் செய்த பெண்ணும் அவள் அக்காவும் ஒரு நாள் அந்தக் காரில் ஏறினார்கள். அவன் அவர்களுக்காக நல்ல சத்தமாகவே பாட்டு வைத்திருக்கிறான். பாதி வழியில் இறங்கிப் பேருந்தில் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பையனுக்கு உடம்பில் ஏதோ இருக்கிறது என்று பெண்ணின் அப்பா சொல்லியனுப்பினார். காரில் எதுவும் கிடைக்காததால், நாறுவது கார் இல்லை, தான்தான் என்று மச்சினனுக்கும் பட்டுவிட்டது. பயம் எப்போது வந்தது என்று கேட்டீர்களே, அது அன்றைக்கு.

சட்டையிலும் முடியிலும் வாடை ஏறியிருக்க வேண்டும். கண்ணாடிக் கடையில் இவன் குனிந்தால் வாடிக்கையாளர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முதலாளி முதலில் சோப்பு வாங்கிக் கொடுத்தார், அப்புறம் கணக்கு முடித்துக் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஐந்து தடவை குளித்தான். முழங்கையில் தோல் உரிந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அவன் தெருவில் திரும்பும்போதே பக்கத்து வீடுகளில் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. நாலு தெரு என்று சொல்லமாட்டேன், ஒரு தெரு நிச்சயம்.

ஒரு நாள் பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு என்னை மட்டும் உள்ளே விட்டான். "மாமா, சத்தியமா சொல்லுங்க. மோந்து பாத்துச் சொல்லுங்க. நான் நாறுறனா?"

கழுத்தருகே குனிந்து நன்றாக இழுத்துப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியல மாப்ள" என்றேன்.

கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்க ஒருத்தர்தான் மாமா என் பக்கத்துல உக்காருறீங்க."

இந்தக் குடும்பத்தில் அவனிடம் பொய் சொல்லாத ஆள் நான்தான். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒன்றும் இல்லை என்றார்கள்.

காரை விற்கப் பார்த்தான். வாங்க வந்த வியாபாரி கதவைத் திறந்ததும் மூடிவிட்டுப் போனார். கடைசியில், போனால் போகிறது என்று நான் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டேன். அதில் ஆறாயிரத்து முந்நூற்று நாற்பதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். ஒரு ரூபாய் கூடுதலாகப் பிடிக்கவில்லை. வட்டியும் போடவில்லை, அசலா என்ன.

பெட்டியைப் பிரித்துக் கொளுத்திவிட்டேன். ஐந்து மாதமாக நான்தான் ஓட்டுகிறேன், ஒரு குறையும் தெரியவில்லை. என் மனைவி மட்டும் அதில் ஏறமாட்டேன் என்று பேருந்தில் போகிறாள். கார் கைமாறியும் அவன் பயம் போகவில்லை. இதைப் படித்துக் காட்டினால் போகலாம், போகாமலும் இருக்கலாம். அது உங்கள் வேலை, நான் பெட்டிக்காரன்.

காசுக்காகத்தான் செய்தேன். காசு வந்துவிட்டது, விஷயம் முடிந்தது. அவன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று முதல் வரியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே நம்பர் பிளேட்டைக் கழற்றி அந்தப் பில்லை எடுத்தேன். மெல்லிய சூட்டில் இஸ்திரி போட்டு மடிப்பு எல்லாவற்றையும் நீவினேன். அடியில் 'பற்று தீர்ந்தது' என்று எழுதித் தேதி போட்டேன். அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கிறது. எட்டு மடிப்பில் ஏழு மறைந்துவிட்டது.

நான்கு தாளும் நிறைந்துவிட்டது, டாக்டர் அம்மா. எழுத்து எல்லாம் புரிகிறதல்லவா? ஃபைலில் வைக்கும்போது மட்டும் தயவுசெய்து மடிக்காமல் வையுங்கள்.